மிசுயே அடைத்த வழி

மிசுயே காஜிவாரா, கம்ப்யூட்டர் புதிர் விளையாட்டுகளுக்குப் பேர்போன, ஜப்பானின் ஃபுகுவோகா நகரத்துச் சின்னக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தாள். அடுத்தவர்கள் யோசித்த புதிர்களுக்குக் கல்லும் புல்லும் வரைந்தே காலத்தைத் தள்ளியவளுக்கு, நாற்பதைத் தாண்டிய பிறகுதான் சொந்தமாக ஒரு கட்டம் கிடைத்தது. அதுவும் புது விளையாட்டின் கடைசிக் கட்டம். சோதனையில் தேறிவிட்டால் அதன் மூலையில் அவள் போட்டுவைத்த பெயர் நிலைக்கும். அந்தப் பெயருக்காக எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளைப் பலிகொடுத்தாள் என்பதை, தண்ணீர் காணாமல் வாடிப்போன அவள் வீட்டுச் செடிகளைத்தான் கேட்கவேண்டும்.

புதிரை ஆடிச் சோதிக்கும்போது அங்கே ஒரு வழக்கம். புதிர் போட்டவர் உப்பில் ஊறிய பிளம் பழத்தை வாயில் அடக்கிக்கொண்டு, ஆடுபவரின் நாற்காலிக்குப் பின்னால் நிற்கவேண்டும். மூச்சு விடலாம், பேசக்கூடாது. இன்னொரு சட்டம் அதைவிடக் கறார். புதிருக்கு ஒரே வழிதான். இரண்டாவது வழி தட்டுப்பட்டால் ஒன்றை அடைக்கவேண்டும், இல்லாவிட்டால் புதிரே குப்பைக்கு.

அன்று ஆட உட்கார்ந்தவர் இசையமைப்பாளர் கோசுகே ஹிரானோ. வாய் ஓயாத மனிதர்.

"என்னங்க மிசுயே, பூனையை இப்படிப் பனியில விட்டிருக்கீங்க? ஒரு சட்டையாவது போட்டு விடக்கூடாதா?"

மிசுயே பழத்தோடு முறைத்தாள்.

திரையில், மலையடிவாரத்தில் உறைந்த குளத்தின் நடுவே நீளமாக ஒரு பள்ளம். பூனை அதைத் தாண்டவேண்டும். பூனை நடக்க நடக்கச் சூரியன் நகரும். வெயில் பட்டால் பனிக்கட்டி உருகும், நிழலில் தண்ணீர் உறையும். குளத்தின்மேல் கிடக்கும் நான்கு பனிக்கட்டிகளையும் வெயிலில் உருகவிடாமல் பள்ளத்தில் தள்ளி நிரப்புவதுதான் மிசுயேயின் வழி.

கோசுகே ஒரே ஒரு கட்டியைக் கொண்டுபோய்ப் பள்ளத்தின் விளிம்பில், நட்ட வெயிலில் நிறுத்தினார். போச்சு என்று நினைத்தாள் மிசுயே. அவரோ பூனையைச் சும்மா முன்னும் பின்னும் நடக்கவிட்டார். கட்டி உருகிப் பள்ளம் முழுக்கப் பரவியது. சூரியன் சாய்ந்து, மலையின் நிழல் மெல்ல அதன்மேல் விழுந்தது. தண்ணீர் உறைந்தது. பூனை அதன்மேல் நடந்து அக்கரை போய்ச் சேர்ந்தது.

மிசுயேவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. உருகும் என்று வைத்தவளும் அவள்தான், உறையும் என்று வைத்தவளும் அவள்தான். இரண்டும் சேர்ந்து இப்படி ஒரு பாலம் போடும் என்று அவளுக்கே தெரியவில்லை. இத்தனை மாதமும் அது அங்கேயே இருந்திருக்கிறது. கண் நிறைந்துவிட்டது.

"ஐயோ, அழுறீங்களா? தப்பா ஆடிட்டேனா?" என்று கோசுகே பதறினார்.

கம்பெனித் தலைவி நோமியாமா எட்டிப் பார்த்தாள். "ரெண்டு வழி ஆயிடுச்சே. சாயங்காலத்துக்குள்ள ஒண்ணை அடைச்சிடும்மா. அந்த மலையைத் தூக்கிட்டாப் போதும், இவரு வழி போயிடும். கட்டம் உன் பேர்லயே இருக்கும்."

மிசுயே கொட்டையைத் துப்பிவிட்டுத் தன் மேசையில் உட்கார்ந்தாள். மலையைத் தொடவில்லை. நான்கு கட்டிகளில் மூன்றை நீக்கித் தன் வழியையே அடைத்தாள். பிறகு மூலையில் இருந்த தன் பெயரை அழித்து, ஹிரானோ என்று அடித்தாள்.

"உங்களுக்கென்ன கிறுக்கா? எவ்வளவு நாள் உழைப்புங்க!" என்று கத்தினார் கோசுகே.

"இருக்கட்டுங்க. இதைப் பாத்தப்புறம் என்னோடதை வச்சுக்க எனக்கு மனசு வரல." பழ டப்பாவை அவரிடம் நீட்டினாள். "இப்ப புதிர் போட்டவரு நீங்க. வாயில போட்டுக்கிட்டுப் பின்னால நில்லுங்க. நான் ஒருதடவை ஆடிப் பாக்கணும்."

கோசுகே வாய் மூடி நின்றதை அந்த ஆபீஸ் அன்றுதான் பார்த்தது. மிசுயே கட்டியை வெயிலுக்குத் தள்ளினாள்.