தோல் ஏற்றப்படாது

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நடந்தது இது. கல்யாணமாகிப் பேரணாம்பட்டுக்கு நான் வந்த புதிது. என் வீட்டுக்காரர் அங்கே ஒரு தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்தார். தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கம் ஷாப்பு என்றுதான் சொல்வோம். கடை என்று நினைத்து யாரும் சாமான் வாங்கப் போய்விடாதீர்கள்!

எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. குடியாத்தம் வழியாக வேலூர் போகிற ஒரே ஒரு மோட்டார் பஸ்தான் கதி. அந்த பஸ்ஸின் லட்சணத்தைக் கேளுங்கள். ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். நிறையாவிட்டால் ஊரை இன்னொரு சுற்றுச் சுற்றும். காலையில் ஏறி உட்கார்ந்தவர்கள் தங்கள் வீட்டு வாசலை இரண்டாம் முறை பார்த்துவிட்டுத்தான் வேலூர் போவார்கள். அது போதாதென்று கூரை மேல் தோல் கட்டு. அதிலும் வேலூரிலிருந்து திரும்பும்போது உப்புப் போட்ட பச்சைத் தோலாக ஏற்றுவார்கள். வெயில் ஏற ஏற, கூரை இடுக்கு வழியாக அந்தத் தண்ணீர் பொட்டுப் பொட்டென்று தலையில் சொட்டும். சீச்சீ, இப்போது நினைத்தாலும் தலைக்கு ஊற்றிக்கொள்ளத் தோன்றுகிறது.

பஸ் கண்டக்டர் எங்கள் ஆட்களை 'தோல்' என்றே கூப்பிடுவார். ஷாப்பில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் எங்கள் சேரிக்காரர்கள். "நாலு தோலு ஏறுது, பின்னால இடம் உடுங்க" என்பார். நாங்களும் சிரித்துக்கொண்டே ஏறிப் பின்னால் உட்காருவோம். அதில் என்ன இருக்கிறது என்று அப்போது தோன்றவில்லை.

அந்த வருஷம் குழியிலிருந்து தோலை இழுக்கும்போது சுண்ணாம்புத் தண்ணீர் தெறித்து, என் வீட்டுக்காரரின் வலது கண்ணில் விழுந்துவிட்டது. வேலூர் ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் பார்த்துவிட்டு, வெந்துபோன இமை கண்ணோடு ஒட்டிக்கொள்ளப் பார்க்கிறது, வாராவாரம் வந்தால் பிரித்து மருந்து போடுகிறேன், ஒரு வாரம் தவறினாலும் ஒட்டிப்போய்விடும், பிறகு என்னிடம் வராதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர் கண் பார்ப்பது வாரத்தில் ஒரே ஒரு காலைதான். பஸ் ஊர்வலம் போகிற வேகத்தில் முதல் தடவையே ஆஸ்பத்திரிக் கதவு சாத்துகிற நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். காலில் விழாத குறையாகக் கெஞ்சி உள்ளே போனோம்.

இந்தச் சமயத்தில்தான் ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலர் சேர்ந்து, பஸ்ஸைச் சீர்படுத்த ஒரு சங்கம் வைத்தார்கள். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் முன்னால் நின்று மகஜர் எழுதினார். எழுதியதை எடுத்துக்கொண்டு எங்கள் சேரிக்கே வந்துவிட்டார்! எங்கள் தெருவுக்கு வரி கேட்டு வந்திருக்கிறார்கள், ஆள் கேட்டு வந்திருக்கிறார்கள். கையெழுத்துக் கேட்டு யாரும் வந்ததில்லை. தெருமுனையில் நின்றபடியே படித்துக் காட்டினார். பஸ் சொன்ன நேரத்துக்குக் கிளம்ப வேண்டும், ஊரைச் சுற்றக் கூடாது, தோல் ஏற்றக் கூடாது.

மற்றவர்கள் கைநாட்டு வைத்தார்கள். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலு எழுத்துப் படித்தவள், என் பெயரையே எழுதினேன். எழுதியதோடு விட்டேனா? "ஐயா, அந்தத் தோல் சமாச்சாரத்தை மட்டும் நல்லா அழுத்தி எழுதுங்க, தலையெல்லாம் நாறுது" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். வாத்தியாரும் சிரித்தார்.

மகஜர் பலித்துவிட்டது. அடுத்த தடவை வேலூர் போவதற்காகப் போய் நின்றால், பஸ் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து நிற்கிறது. கூரை காலியாக இருக்கிறது. கதவுக்குப் பக்கத்தில் புதுப் பலகை, பெயின்ட் வாசனை கூடப் போகவில்லை. கண்ணில் கட்டோடு நின்ற வீட்டுக்காரருக்கு நானே அதைப் பெருமையாகப் படித்துக் காட்டினேன். "தோல் ஏற்றப்படாது. பாத்தியா, நான் சொன்னதைத்தான் எழுதி இருக்காங்க."

படியில் கால் வைத்தேன். கண்டக்டர் கையைக் குறுக்கே நீட்டினார். "எறங்கும்மா. தோலு ஏத்தக் கூடாது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் கையிலிருந்த மூட்டையைத்தான் சொல்கிறார் போலிருக்கிறது என்று அவசரமாக முடிச்சை அவிழ்த்துக் காட்டினேன். "தோலு இல்லண்ணா, கேவுரு அடை. ஆஸ்பத்திரில பசிக்கும்னு எடுத்தாந்தேன்."

"மூட்டைய யாரு சொன்னா? உங்களைச் சொல்றேன்."

அப்போதும் எனக்குப் புரியவில்லை என்றால் நம்புவீர்களா? என் புடவையை முகர்ந்து பார்த்தேன். வீட்டுக்காரர் சட்டையைப் பார்த்தேன், முந்தின நாள் நான் துவைத்துக் காயவைத்த சட்டை. வேலைக்குப் போயே மூன்று வாரம் ஆகிறது, இதில் தோல் எங்கே இருக்கிறது? கண்டக்டர் முகத்தைப் பார்த்தேன். அதில் கேலியும் இல்லை, கோபமும் இல்லை. உத்தரவு வந்திருக்கிறது, செய்கிறேன் என்கிற முகம். "தோலும் கெடையாது, தோல் ஷாப்பும் கெடையாது. ஊர்ச் சங்கத்துலயே எழுதிக் குடுத்துட்டாங்க. நான் இன்னா பண்றது?" என்றார்.

எழுதிக் கொடுத்தவள் நான்தானே! உள்ளே எட்டிப் பார்த்தால், முன் சீட்டில் அந்த வாத்தியாரே உட்கார்ந்திருக்கிறார். அப்பாடா என்றிருந்தது. "ஐயா, நீங்க சொல்லுங்கய்யா. நானும் கையெழுத்துப் போட்டேனே" என்று கூப்பிட்டேன். அவர் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பி வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டார். வெளியே பார்க்க அங்கே ஒன்றும் இல்லை, ஒரு மாட்டு வண்டிகூட இல்லை.

வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்தார். "வாம்மே, போலாம். அடுத்த வாரம் பாத்துக்கலாம்." அடுத்த வாரம் பார்க்கக் கண் எங்கே இருக்கும்? எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. கண்டக்டரின் தோளில் டிக்கெட்டும் காசும் போடுகிற பை தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர்த் தோலில் தைத்த பை. என்னை அறியாமல் கேட்டுவிட்டேன். "அப்ப உன் தோள்ல தொங்கறது இன்னா? அதையும் எறக்கி வெச்சிட்டு ஏறு."

பஸ்ஸில் யாரோ கெக்கெக்கே என்று சிரித்தார்கள். அது பெரிய தப்பாகப் போயிற்று. அதுவரை சாதாரணமாக இருந்த கண்டக்டர் முகம் சுண்டிவிட்டது. இனி அந்த ஆள் மசியமாட்டார் என்று எனக்கே தெரிந்தது. கதவை அறைந்து சாத்தி, "ரைட்டு, போலாம் பாய்!" என்று கத்தினார்.

வண்டி போகவில்லை. உறுமிக்கொண்டிருந்த எஞ்சின் சட்டென்று அடங்கிவிட்டது. டிரைவர் பாய்தான் அணைத்திருக்கிறார். அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்களிடம் ஒரு வார்த்தை நல்லதாகப் பேசியவர் இல்லை. எங்கள் ஆட்கள் ஏறினால் மூக்கைத் துண்டால் மூடிக்கொள்வார்.

"இன்னா பாய்?" என்றார் கண்டக்டர்.

"வண்டி ஜாஸ்தி சூடாய்ட்ச்சி."

"இன்னும் கெளம்பவே இல்லியே!"

"அதான் சொல்றேன். அந்த ரெண்டு பேரும் ஏறுனா ஆறிடும்." திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பிறகு உள்ளேயிருந்து ஒருவர், நேரமாகிறது, ஏற்றித் தொலையப்பா என்றார். இன்னொருவர், சொன்ன நேரத்துக்குப் போக வேண்டும் என்றுதானே மகஜர் எழுதினோம் என்றார். கண்டக்டர் கதவைத் திறந்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் ஏறினோம். பின் பலகையில் இருந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். இடம் கொடுக்க நகர்ந்தார்களா, எங்கள் மேல் படாமலிருக்க நகர்ந்தார்களா, அதுவும் எனக்குப் புரியவில்லை.

கிளீனர் முன்னால் போய், எஞ்சினைக் கிளப்புகிற ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். ஒரே சுற்றில் வண்டி கிளம்பியது. அதற்கு ஒரு சூடும் இல்லை!

வேலூரில் இறங்கியதும் நான் ஓடிப்போய் டிரைவர் பாயைக் கும்பிட்டேன். ஏன் எங்களுக்காக அப்படிச் செய்தீர்கள் என்று கேட்கத்தான் போனேன். அவர் வழக்கம்போல் துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு, "போம்மா, பேஜார் பண்ணாத. டாக்டரு பூடப்போறாரு" என்று விரட்டினார். ஓடினோம். டாக்டர் இருந்தார். இமையைப் பிரிக்கும்போது என் வீட்டுக்காரர் போட்ட கூச்சல் ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டது. ஆனால் கண் தப்பியது. மங்கலாகத்தான் தெரியும், இருந்தாலும் தெரியும். பிற்பாடு எங்கள் பிள்ளைகளின் முகத்தை அவர் இரண்டு கண்ணாலும் பார்த்தார்.

அடுத்த வாரம் போனபோது பலகையில் 'தோல்' என்ற சொல்லுக்கு முன்னால் 'பச்சைத்' என்று ஒரு வார்த்தையை நெருக்கி எழுதியிருந்தார்கள். கண்டக்டர் எங்களை ஏற்றிக்கொண்டார். தோல் என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டார். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் கடைசிவரை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. சந்தையில் வாத்தியாரைப் பார்த்தபோது மனசு கேட்காமல் அந்தப் பலகையைப் பற்றிக் கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "அது எழுத்துப் பிழைம்மா" என்றார்.

எழுத்துப் பிழையா? கண்டக்டர் அதைத் தப்பாகப் படித்தாரா, இல்லை எழுதியவர்களில் யாராவது நினைத்ததைச் சரியாகப் படித்தாரா? எங்கள் தெருவுக்கு வந்து கையெழுத்து வாங்கிய மனிதர் ஏன் வாயைத் திறந்து மூடினார்? மூக்கை மூடிக்கொள்கிற மனிதர் ஏன் எஞ்சினை நிறுத்தினார்? இத்தனை வருஷமாகியும் எனக்கு விடை தெரியவில்லை. ஆனால் இன்றைக்கும் ஊர் நன்மைக்கு என்று யாராவது ஒரு காகிதத்தை நீட்டினால், சந்தோஷமாக வாங்கி முழுக்கப் படிக்கிறேன்; படித்துவிட்டு, இதில் ஏறப்போகிறவள் நானா, இறக்கிவிடப்படப் போகிறவள் நானா என்று ஒரு தடவை வாய்விட்டுக் கேட்ட பிறகுதான் பேனாவைத் திறக்கிறேன்.