மூன்றாவது எழுத்து

அந்த அடுக்குமாடியில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. எல்லோருக்கும் அவள் காயிலக்கா. எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதுச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக் கொடுக்கும் அவள் பட்டறை பக்கத்துத் தெருவில் இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அவள் சுற்றிய மோட்டார் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று யாராவது புகழ்ந்தால், "நாலு வந்துச்சு" என்று திருத்துவாள். எந்த நாலு என்றும் சொல்வாள்.

அவளுக்கு ஒரு கிறுக்கு உண்டு. பரீட்சை எழுதி அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வாங்கியவள், மற்றவர்களைப் போலக் கடல் தாண்டி அரட்டை அடித்திருக்கலாம். இவளோ யாரும் சீந்தாத மிகத் தாழ்ந்த அலைவரிசையைப் பிடித்துக்கொண்டு, அதற்குத் தனியாக ஓர் அனுமதிக் கடிதமும் வாங்கி வைத்திருந்தாள். அங்கே ஓர் அலையின் நீளமே முப்பத்தாறு கிலோமீட்டர். மொட்டை மாடியில் அவள் கட்டிய ஏரியல் கம்பி நாற்பது மீட்டர். நீலத் தண்ணீர் டிரம்மின் மேல் இரண்டாயிரத்து நூறு சுற்றுக் காயில் சுற்றி அந்தக் குறையைச் சரிக்கட்டியிருந்தாள். அப்படியும், நாலு மின்விசிறி ஓடும் மின்சாரத்தை உள்ளே விட்டால் வெளியே போவது கொசு மூச்சு விடும் அளவுதான். அதனால் பேச்சுக்கு வழியில்லை. புள்ளியும் கோடுமான மோர்ஸ் குறிகளாக, ஒரு புள்ளிக்கு இரண்டு நிமிடம், ஒரு கோட்டுக்கு ஆறு நிமிடம் என்று நிதானமாக அனுப்ப வேண்டும். மூன்று எழுத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

எதிர்முனையில் அறுபது கிலோமீட்டர் தள்ளி ஒரு ரயில் சிக்னல்காரர் இதே கிறுக்கோடு இருந்தார். முன்னாலேயே சொல்லிவைக்காத மூன்று எழுத்தை அவர் அனுப்ப வேண்டும், இவள் பிடிக்க வேண்டும். இவள் அனுப்புவதை அவர் பிடிக்க வேண்டும். அதுதான் தொடர்பு. இரண்டு வருடமாக முயன்றும் கைகூடவில்லை.

"மூணு எழுத்துதானே, என் பஸ்ல ஏறிப் போய்ச் சொல்லிட்டு டீயும் குடிச்சிட்டு வந்துடலாம்" என்பார் அவள் கணவர். அவர் கண்டக்டர். வாய் சும்மா இருக்காது.

குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கு அந்தக் கம்பி கண்ணில் விழுந்த தூசி. ஒருநாள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, போன் எடுத்தா ரெண்டு செகண்டு. இதுல என்ன பிரயோஜனம்?"

"ஒண்ணும் இல்ல சார்."

அவர் சண்டைக்குத் தயாராக வந்திருந்தார். இந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. அவளே தொடர்ந்தாள். "நீங்க தினம் பூங்காவை ஆறு சுத்து சுத்திட்டு, கெளம்புன இடத்துக்கே வந்து சேர்றீங்க. பிரயோஜனம் என்னன்னு நான் கேட்டேனா?"

"அது உடம்புக்கு."

"இது எனக்கு."

கடைசியில் ஒரு பேச்சு முடிந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் மோட்டாரை மதியம் முழுக்க ஓடவிடாமல் நிறுத்தித் தருவார்கள், ஏனென்றால் அதன் மின் இரைச்சலில் அந்தக் கொசு மூச்சு கேட்காது. அன்றைக்குத் தொடர்பு கிடைத்தால் கம்பி இருக்கலாம். இல்லையென்றால் அன்றே இறங்க வேண்டும். அவள் ஒத்துக்கொண்டாள்.

ஞாயிறு காலையில் அவள் அனுப்பினாள். மதியம் இரண்டு மணிக்கு சிக்னல்காரர் தொடங்கினார். கணினித் திரையில் மங்கலான கோடு ஊர்ந்தது. முதல் எழுத்து வந்தது, நோட்டில் எழுதினாள். இரண்டாவதும் சுத்தமாக வந்தது. மூன்றாவதில் ஒரு கோடு, பிறகு ஒரு புள்ளி. அதோடு நின்றால் அது ஆங்கில 'என்'. இன்னொரு கோடு வந்தால் 'கே'.

அந்த நேரத்தில் திரை முழுக்க வெள்ளையாகிவிட்டது. இரண்டாம் மாடியில் ஒருவர் தலை நிறைய சோப்போடு தண்ணீர் நின்றுபோய் அலற, செயலாளரே பதறியடித்து ஓடி மோட்டாரைப் போட்டுவிட்டார். கால் மணி நேரம் கழித்து அது நின்றபோது திரையில் ஒன்றும் இல்லை.

செயலாளர் மூச்சு வாங்க மேலே வந்தார். முகம் செத்திருந்தது. "தப்பு என்னோடது. ஏதோ ஒண்ணை எழுதிக்கோங்கம்மா, யாரு பார்க்கப் போறா? கம்பி இருந்துட்டுப் போகட்டும்."

வெள்ளை தொடங்கும் ஓரத்தில் ஏதோ கீற்று போலத் தெரிந்தது. அது 'கே' என்று அவள் மனசு அடித்துச் சொன்னது. நோட்டில் எழுத இடம் காத்திருந்தது. இரண்டு வருட ஆசை அது. அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

படிக்கட்டிலிருந்து கணவர் பல்லெல்லாம் தெரிய வந்தார். "சிக்னல்காரருக்கு போன் போட்டேன். நீ அனுப்புனது அவருக்கு முழுசா வந்திருச்சாம். அந்த மூணாவது எழுத்து—"

"வாயைத் திறந்தீங்க, இந்த டிரம்மைத் தூக்கி உங்க தலைல கவுத்துடுவேன்."

அவர் வாயை மூடிக்கொண்டார். அவள் பேனாவை எடுத்து, இரண்டு எழுத்துக்குப் பக்கத்தில் 'முழுமையாக வரவில்லை. தொடர்பு ஆகவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அப்புறம் மொட்டை மாடிக்குப் போனாள். செயலாளர் வேண்டாம் வேண்டாம் என்று பின்னாலேயே வந்தார். "பேசுனது பேசுனதுதான் சார், நகருங்க" என்று சொல்லிவிட்டு முடிச்சை அவிழ்த்தாள்.

மறுநாள் அந்தக் கம்பியைக் கட்டப் பட்டறைக் கூரைமேல் ஏணி போட்டு ஏறியது கண்டக்டர். ஏறும்போது முனகிக்கொண்டேதான் ஏறினார். அங்கே இருபத்தாறு மீட்டருக்குமேல் இடமில்லை. கம்பி குறைந்தால் டிரம்மில் காயில் சுற்று கூட வேண்டும். மோட்டார் வேலை முடிந்த சாயங்காலங்களில் இன்னும் தொள்ளாயிரம் சுற்றுச் சுற்றினாள். எதற்கு இந்தப் பாடு என்று வாடிக்கையாளர்கள் கேட்டால், "ஒண்ணுத்துக்கும் இல்ல" என்று மகாராணி மாதிரி பதில் சொன்னாள்.

ஐந்து மாதம் கழித்து ஒரு ஞாயிறு மதியம், புது மூன்று எழுத்தும் முழுசாக வந்தன. அவள் அனுப்பியதும் போய்ச் சேர்ந்தது. நோட்டில் 'ஆயிற்று' என்று எழுதினாள்.

ஐந்து மாதமாக ஒரு எழுத்தை வாய்க்குள் அடக்கிவைத்திருந்த மனிதர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இப்பவாவது சொல்லலாமா?"

"சொல்லுங்க."

"அன்னைக்கு அது கே."

"தெரியும்."

"தெரியுமா? அப்ப எழுதியிருந்தா மாடியும் போயிருக்காது, எனக்கு இந்த இடுப்பு வலியும் வந்திருக்காது. ஏன் எழுதல?"

அவள் நோட்டை மூடினாள்.

"தெரியும்ங்க. ஆனா வரலையே."