அட்டையில் இருந்த முகம்

படம் பிடித்த அன்றைக்கு, வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் இருந்தவர்கள்: தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. தெஹியோவிட்ட டவுனிலிருந்து கேமராவோடு வந்த முஸ்லிம் நானா. அம்மா. ஒன்பது வயதில் நான். துவாயால் மூஞ்சியை மூடிக்கொண்டு அத்தை. வாசலில் வரிசை.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. எங்களோடு லயத்து வீட்டில் இருந்தாள். றப்பர் மரத்தில் பால் வெட்டப் போவாள். கொழும்பில் ஒரு வீட்டில் அவளுக்குச் சமையல் வேலை பேசியிருந்தார்கள். வடக்கில் சண்டை நடந்த காலம், வழியெல்லாம் ஆமியின் சோதனைத் தடை. அடையாள அட்டை இல்லாமல் கொழும்புக்குப் போக முடியாது. அட்டைக்குப் படம் பிடிக்கத் தோட்டத்துக்கே ஆள் வருகிறது என்று காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் சொன்னார்கள்.

அத்தையை அதுவரை யாரும் படம் பிடித்ததில்லை. முதல் படத்தில் வெள்ளையாக விழவேண்டும் என்று ஆசை. டவுனில் ஒரு டப்பா கிரீம் வாங்கி வந்தாள். டப்பாவில் பேர் இல்லை. ஒரு வெள்ளைக்காரப் பொம்பளையின் தலை மட்டும் இருந்தது.

கிரீமோடு விட்டிருந்தால் தப்பியிருப்பாளோ என்னவோ. றப்பர் பால் கையில் காய்ந்தால் தோல் மாதிரி உரியும். மயிரும் சேர்ந்து வரும். பிள்ளைகள் நாங்கள் அதை விளையாட்டாகச் செய்வோம். நான் உரிப்பதை அத்தை பார்த்தாள்.

“ஏ புள்ள, எனக்கும் கொஞ்சம் பால் கொண்டாடி. அண்ணிகிட்ட சொல்லாத.”

சிரட்டையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். உதட்டுக்கு மேலும் கன்னத்திலும் பூசினாள். காய்ந்ததும் உரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, சத்தம் வரவில்லை. சிவந்த தோலின்மேல் கிரீமை அப்பினாள். எரியுது என்றாள். எரிந்தால்தான் வேலை செய்யும் என்று கடைக்காரன் சொன்னானாம்.

மறுநாள்தான் படம். காலையில் அத்தைக்குக் கண் சரியாகத் திறக்கவில்லை. கன்னம் இரண்டும் உப்பிச் சின்னச் சின்னக் கொப்புளமாக இருந்தது. அம்மா முதலில் சிரித்துவிட்டாள்.

“பணியாரம் மாதிரி இருக்கடி.”

பிறகு கையைப் பிடித்து டிஸ்பென்சரிக்கு இழுத்துப் போனாள். மருந்து ஐயா டப்பாவை மோந்து பார்த்தார். திருப்பிக் கொடுக்கவில்லை.

“மூச்சு முட்டுதா? இல்லையா? சரி. பச்சத் தண்ணியில கழுவு. சோப்பு வேணாம், எண்ணெ வேணாம். சொறியாத.”

பூசுவதற்கு ரோஸ் நிறத்தில் ஒரு தண்ணி மருந்து கொடுத்தார். பத்து நாளில் வடிந்துவிடும் என்றார். படத்துக்குப் பத்து நாள் இல்லை.

பிள்ளைக் காம்பராவில் அத்தை துவாயை எடுத்ததும் நானா கேமராவை இறக்கினார்.

“அல்லாவே. தங்கச்சி, இந்த மொகத்தோட எப்புடி? இன்னொரு நாளைக்கிப் புடிப்பமே.”

“இன்னொரு நாளாம்” என்றார் கணக்கப்பிள்ளை. “போன தடவ புடிச்சு எத்தன வருசம் ஆச்சுன்னு கேளுங்க. இன்னைக்கி விட்டா கொழும்பும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

அம்மா மருந்தைத் துடைத்துவிட்டாள். அத்தை ஸ்டூலில் உட்கார்ந்தாள். வரிசை சிரித்தது.

“கண்ணத் தொறங்க, தங்கச்சி.”

“தொறந்துதாங்க இருக்கு.”

அட்டை வருவதற்குள் முகம் பழையபடி ஆகிவிட்டது. அட்டையில் வேறு யாரோ இருந்தாள். அம்மா பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். அத்தையும் சிரித்தாள்.

அப்பா அத்தையைக் கொழும்பில் விடப் போனார். கடல் பார்க்க வேண்டும் என்று அழுது நானும் ஏறிக்கொண்டேன். அவிசாவளை தாண்டி முதல் தடையில் பஸ்ஸில் எல்லோரையும் இறக்கினார்கள். ஆமிக்காரன் அட்டையைப் பார்த்தான். அத்தையைப் பார்த்தான்.

“மே ஒயாத?”

இது நீதானா என்று கேட்கிறான். அப்பாவுக்கு நல்ல சிங்களம் வரும். கிரீம் கதையைச் சொன்னார். அவன் நம்பவில்லை. அப்போதுதான் அத்தை கன்னத்தை ஊதினாள். கண்ணை இடுக்கினாள். அட்டையில் இருந்த அதே முகம். அவன் சிரித்துவிட்டு அட்டையைக் கொடுத்தான். நானும் சிரித்தேன்.

அடுத்த தடையிலும் ஊதினாள். அதற்கடுத்ததிலும். ஓரிடத்தில் ஆமிக்காரர்கள் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டு வந்து, மறுபடி ஊதச் சொன்னார்கள். மறுபடியும். பஸ் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அத்தைக்குப் பக்கத்தில் நின்று நானும் ஊதிக் காட்டினேன். அத்தை என் கையை இறுக்கிப் பிடித்தாள். அவள் கை ஈரமாக இருந்தது. அதுவும் விளையாட்டுத்தான் என்று நினைத்தேன்.

கடலைப் பார்த்தேன். பெரிசாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். அத்தை மாதிரியே கன்னத்தை ஊதிக் காட்டினேன். பணியாரம் என்பாள் என்று பார்த்தேன். அம்மா சிரிக்கவில்லை. அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்தாள்.

“எத்தன எடத்துலடி?”

விரல் விட்டு எண்ணினேன். ஒரு கை போதவில்லை.

“ஏழு.”