விரல் தாண்டிய வரி

ஐஸ் கட்டி சுற்றிய ஈரத் துண்டின் வாடை... என் பள்ளிக்கூட நாட்களை நினைத்தால் முதலில் அதுதான் வருகிறது.

அண்ணனுக்கு ஹீமோபீலியா. ரத்தம் லேசில் உறையாது. அடிபடவே வேண்டாம்... திராட்சைத் தோட்டம்வரை நடந்துவிட்டு வந்தாலே வலது முழங்காலுக்குள் ரத்தம் கசியும். சாயங்காலத்துக்குள் இளநீர்க்காய் மாதிரி வீங்கிவிடும். ரத்தத்தை உறைய வைக்கும் ஃபாக்டர் ஊசி போட்டு, ஐஸ் வைத்து, வீக்கம் வற்றி எழுந்து நடந்தால் மறுபடியும் அதே கால்.

நான் டிகிரி முடித்த வருடம், மதுரையில் ஒரு டாக்டர் ஆபரேஷன் என்றார். மூட்டுக்குள் தடித்துப்போன சவ்வை எடுத்துவிட்டால் கசிவது குறையுமாம்.

சின்னக் கீறலே நிற்காத உடம்பில் கத்தியா?

ஆபரேஷனுக்கு முதல் நாள் சம்மதப் படிவம் கொடுத்தார்கள். முழுக்க இங்கிலீஷ். எங்கள் வீட்டில் அதை வாசிக்க நான் ஒருத்திதான்.

"என்னத்தா எழுதியிருக்காக?" என்றாள் அம்மா.

கட்டிலில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, வரிக்கு அடியில் விரலை ஓட்டி, தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். மயக்க மருந்து... ஊசி... பிசியோதெரபி...

ஒரு வரியில் விரல் நின்றது. ரத்தப்போக்கு கட்டுக்கு அடங்காமல் உயிருக்கு ஆபத்து நேரலாம்.

அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விரல் அடுத்த வரிக்குப் போய்விட்டது.

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்மா."

அண்ணன் கையெழுத்துப் போட்டான்.

மறுநாள் ஆபரேஷன் தியேட்டர் வாசலில், கதவு அசையும்போதெல்லாம் எழுந்து நின்றேன். அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்... தெரியாமலே கையெழுத்துப் போட வைத்தவள் நான். பக்கத்திலிருந்த அம்மாவிடம்கூடச் சொல்ல முடியவில்லை.

நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள், கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு, அம்மா டீ வாங்கப் போன நேரம் பார்த்துக் கேட்டான்.

"ஏ பாப்பா, அந்தப் பாரத்துல ஒரு வரிய ஏன் தாண்டுன?"

"ஒனக்கு எப்பிடிண்ணே தெரியும்?"

"இங்கிலீஷ் தெரியாட்டி என்ன? ஸ்பீட் பிரேக்கர்ல பஸ்ஸு ஏறுன மாதிரில்ல குதிச்சுச்சு ஒன் வெரலு! டாக்டரு எங்கிட்ட முன்னாடியே சொல்லிட்டாக. அம்மாவுக்குத் தெரிய வேணாம்னுதான் நானும் வாயத் தொறக்கல."

சிரித்தான். எனக்குத்தான் அழுகை வந்தது.

இப்போது கம்பத்தில் மொபைல் கடை வைத்திருக்கிறான். கசிவு அடியோடு நிற்கவில்லை, எப்போதாவது வரும். ஊசிக்குத் தேனிக்குத் தனியாகவே பஸ் ஏறிப் போய்விடுகிறான்.

ஆஸ்பத்திரித் தாள் எது வந்தாலும் இப்போது ஒரு வரி விடாமல் வாசித்துச் சொல்கிறேன்.

அவன் தாளைப் பார்ப்பதே இல்லை... என் விரலைத்தான் பார்க்கிறான்.