பாதியில் நின்ற வயலின்

என் அக்காவுக்கு எதையும் பாதியில் விடத் தெரியாது. வயலினைத் தோளில் வைத்துவிட்டால், வாசல் மணி அடித்தாலும் அடுப்பில் பால் பொங்கினாலும், எடுத்த வரியைக் கடைசிச் சுரத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டுத்தான் எழுந்திருப்பாள். அடுப்பைத் துடைப்பது தங்கையான நான். சின்ன வயதிலிருந்தே செவ்வியல் இசை படித்தவள். தொடங்கிய வரி முடிந்தே ஆகவேண்டும் என்று அவள் கைக்குப் பழகிவிட்டது. ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளுக்கு ‘முழுசு மேடம்’ என்று பட்டப்பெயர். அது அவளுக்குத் தெரியாது என்று அங்கே எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நன்றாகவே தெரியும். உள்ளுக்குள் பெருமைதான்.

பல வருடங்களாக அவள் மற்ற இசையமைப்பாளர்களின் படங்களுக்கு வாசித்துக்கொண்டிருந்தாள். திரையில் அவள் பெயர் வராது. எனக்கு மனசு கேட்காது. தியேட்டரில் வயலின் சத்தம் வந்ததும் பக்கத்து சீட்டுக்காரரிடம், “இது எங்க அக்கா” என்பேன். அவர் திரையில் ஓடிக்கொண்டிருக்கும் கதாநாயகியைப் பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்ப்பார்.

கடைசியில் ஒரு புது இயக்குநர், படத்தின் பின்னணி இசை முழுவதையும் அவளையே அமைக்கச் சொன்னார். முதல் தடவையாக ‘இசை’ என்ற சொல்லுக்குக் கீழே அவள் பெயர் வரப்போகிறது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையில், வாயைத் திறந்து உட்கார்ந்திருந்தவர்களிடம் எல்லாம் சொன்னேன். அவர்களால் பதில் பேச முடியாது என்பது வசதியாக இருந்தது.

எல்லாம் நன்றாகத்தான் போனது, கடைசிக் காட்சி வரும்வரை. பேருந்து நிலையத்தில் ஒரு அம்மா தன் மகனை வழியனுப்புகிறாள். பேருந்து போய்விடுகிறது. நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அப்படியே நிற்கிறாள். படம் முடிகிறது. அதற்கு அக்கா ஒரு மெட்டு போட்டாள். வீட்டில் அதைக் கேட்டுவிட்டு நான் சமையலறைக்குப் போய் மூக்கைச் சிந்தினேன். இயக்குநருக்கும் பிடித்திருந்தது. ஆனால், “பேருந்து கிளம்பினதும் நிறுத்திடுங்க மேடம்” என்றார்.

“அந்த இடத்துல வரி பாதியிலதான் இருக்கும். எப்படி நிறுத்துறது?”

“நிறுத்தினாத்தான் நல்லா இருக்கும்.”

“எனக்கு நல்லா இருக்காது.”

ஒரு வாரம் இதே சண்டை. இருவரும் பிடித்த பிடியை விடவில்லை. தயாரிப்பாளருக்குப் பொறுமை போய்விட்டது. ஒலிப்பதிவு அன்றும் காட்சி சரியாக வராவிட்டால் படத்தை வேறு இசையமைப்பாளரிடம் கொடுத்துவிடுவதாகச் சொல்லி அனுப்பினார். “போகட்டும்” என்றாள் அக்கா. சொல்லும்போது குரல் நடுங்கியது.

அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதனால் அன்று லீவு போட்டுவிட்டு நானும் கூடப் போனேன். ஒலிப்பதிவுக் கூடத்தில் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒலிப்பதிவாளரும் இயக்குநரும் நானும். அந்தப் பக்கம் அக்கா, தலையில் ஹெட்போன், எதிரே திரை.

பேருந்து கிளம்பியது. அக்கா நிறுத்தவில்லை. இயக்குநர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ‘போச்சு’ என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சட்டென்று வயலின் நின்றது.

கண்ணைத் திறந்தேன். அக்காவின் வில் கம்பிமேல் அசையாமல் இருந்தது. தொடங்கியதை அவள் முடிக்காமல் விட்டு அன்றுதான் பார்த்தேன். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“ஹெட்போன்ல யாரு பேசினது?” என்று மைக்கில் கேட்டாள்.

“அம்மாவா நடிச்சவங்கதான் மேடம்,” என்றார் இயக்குநர். “டப்பிங் அப்போ அவங்களாவே ஒரு வசனம் சொன்னாங்க. உங்களுக்குப் புதுப் பிரதி அனுப்பினேனே, கேக்கலையா?”

“பார்த்தேன்” என்றாள் அக்கா, அசடு வழிய.

வசனம் காதில் விழுந்தால் சுருதி ஓடிவிடும் என்று, வீட்டில் அவள் படத்தின் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்த்து இசையமைத்தாள். முதுகு காட்டி நிற்கிறவள் பேசுகிறாள் என்று எப்படித் தெரியும்? ஒலிப்பதிவாளர் அந்த இடத்தை மறுபடி போட்டார். பேருந்து போன வெற்றிடத்தைப் பார்த்து அந்த அம்மா மெல்லச் சொன்னாள்: “ஜன்னலை மூடிக்கோடா. காத்து அடிக்கும்.”

ஒலிப்பதிவாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“தப்பாயிடுச்சு. இன்னொரு தடவை வாசிக்கிறேன்” என்றாள் அக்கா.

“வேண்டாம் மேடம். இப்படியே இருக்கட்டும்.”

“பாதியில நிக்குதே!”

அக்கா வயலினைத் தூக்கினாள், இறக்கினாள். “அவங்க பேசட்டும்” என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினாள். அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும். வீடு வரைக்கும் காரில் அந்த மீதி வரியை விடாமல் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

படம் வெளியான அன்று தியேட்டருக்குப் போனோம். அவள் பெயர் வந்ததும் நான் விசிலடித்தேன். தொடையில் கிள்ளினாள். கடைசிக் காட்சியில் வயலின் நின்றதும் தியேட்டரில் ஒரு இருமல்கூட இல்லை. அக்காவின் விரல்கள் மட்டும் நாற்காலிக் கைப்பிடியில் மீதியை வாசித்தன.

படம் விட்டதும் பெண்கள் கழிப்பறையில் கூட்டம். எங்களுக்கு முன்னால் ஒரு குண்டு அம்மா கண்ணாடியைப் பார்த்துத் தலையைச் சரிசெய்தபடி எதையோ முணுமுணுத்தார். அக்காவின் மெட்டு! வயலின் நின்ற இடம் வந்தது. அவர் நிற்கவில்லை. மேலே போனார், வளைந்தார், அக்கா வாசிக்காமல் விட்ட அந்தக் கடைசிச் சுரத்தில் வந்து தானாகவே இறங்கினார்.

அக்கா என் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. “கடைசிச் சுரம் கொஞ்சம் தூக்கல்” என்று என் காதில் சொன்னாள்.

அந்த அம்மா கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். “என்னங்க, உங்களுக்கும் அழுகை வந்துடுச்சா?”

“ஆமாங்க. இன்னொரு தடவை பாடுங்களேன்.”

பின்னால் நின்றவர்கள் “கொஞ்சம் நகருங்கம்மா” என்று சத்தம் போட்டார்கள். அந்த அம்மா முழுசாகப் பாடி முடிக்கும்வரை அக்கா நகரவில்லை.