கண்ணுக்குள் வைத்த நலங்கு

கல்லீரல் வைத்தியத்தில் பாதி வேலை மருந்து எழுதுவது. மீதி வேலை, "நான் ஒண்ணுமே சாப்பிடலை டாக்டர்" என்பதைச் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருப்பது. கடையில் தானாக எதையோ வாங்கி விழுங்கிவிட்டு டாக்டரிடம் மூச்சு விடாத சகபாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கரண்ட் போன நேரம்

தொண்ணூறுகளின் கடைசி. திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் கிளினிக். ஒரு சாயங்காலம் கரண்ட் போயிருந்த நேரம் பார்த்து, கீழ்பென்னாத்தூரிலிருந்து குமரேசன் என்கிற கல்யாண மாப்பிள்ளை, அம்மாவோடும் கறுப்புக் கண்ணாடியோடும் வந்து உட்கார்ந்தான். கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன். கழற்றினான். அறை முழுக்க மஞ்சள் வெளிச்சம் பரவியது! நம்பாதவர்கள் நர்ஸ் மும்தாஜைக் கேட்டுக்கொள்ளலாம். தீப்பெட்டியோடு நின்றிருந்த அவள் கேட்டாள்: "மெழுகுவத்தி ஏத்தட்டுமா டாக்டர், இதுவே போதுமா?"

வலது கை, இடது கை

குடி இல்லை, பீடி இல்லை. கிருமியால் வரும் காமாலையும் இல்லை என்றது ரத்தப் பரிசோதனை. அம்மாவை வெளியே அனுப்பியதும் பையிலிருந்து ஒரு டப்பா வந்தது. மேலே கழுத்தே இல்லாத ஓர் ஆசாமியின் படம். உடம்பு ஏற்றும் பவுடராம், ஜிம்முக்குப் பக்கத்துக் கடையில் வாங்கியது. ஸ்பூனால் போட வேண்டியதைக் குழம்புக் கரண்டியால் போட்டிருக்கிறான்.

ஏனப்பா என்றால், பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் தாய்மாமன், "மாப்ள, ஃபேனுக்குக் கீழ உக்காராதீங்க, பறந்துடப் போறீங்க" என்றாராம். "இதை நிறுத்தறதுதான் முதல் வைத்தியம். இல்லேன்னா உயிருக்கே ஆபத்து" என்றேன். பையன் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டிக் கெஞ்சினான்: "வலது கைதான் டாக்டர் ஏறியிருக்கு. இடது கைக்கு மட்டும் சாப்ட்டு நிறுத்திக்கிறேனே?"

தென்னை மரத்தோடு ஒரு நடை

அடுத்த வாரம் அவன் அம்மா மட்டும் அலறிக்கொண்டு வந்தாள். பவுடரைக் குப்பையில் கொட்ட மனசு வராமல், தவிட்டில் கலந்து எருமைக்கு வைத்துவிட்டாளாம். எருமை, தன்னைக் கட்டியிருந்த தென்னை மரத்தைப் பிடுங்கி இழுத்துக்கொண்டு ஏரிவரை போய் வந்திருக்கிறது. ஒரு தேங்காய்கூட உதிரவில்லை. "அம்மா, நான் மனுஷங்களுக்கு டாக்டர்" என்றேன். "தெரியும் டாக்டர். ஆனா கறக்கப் போனா முன்னங்காலை மடக்கி மடக்கிக் காட்டுது, நானே பயந்துனு கீறேன்!"

நலங்கு

காமாலை இறங்கிக்கொண்டிருந்தது, ஆனால் மெதுவாக. கல்யாணமோ நெருங்கிவிட்டது. பெண் வீட்டுக்குத் தெரிந்தால் நின்றுபோய்விடும் என்ற பயத்தில், தாய்மாமன் திடீரென்று வந்து நின்ற அன்று குமரேசனுக்கு முகமெல்லாம் மஞ்சள் பூசி, "நலங்கு முன்னாடியே வெச்சுட்டோம்" என்று உட்கார வைத்துவிட்டார்கள். மாமா குனிந்தார், உற்றுப் பார்த்தார், நிமிர்ந்தார். "ஏம்மா, உங்க ஊர்ல கண்ணுக்குள்ளயுமா நலங்கு வெப்பீங்க?"

மாமாவுக்கு வந்த மருந்துச் சீட்டு

மறுநாள் மாமா, குமரேசன், பெண் தேன்மொழி மூன்று பேரும் என் எதிரில். தேன்மொழிக்கு வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் வேலை. "இந்தச் சம்பந்தமே வேணாம்" என்று மாமா குதித்தார். குமரேசன் சொல்லச் சொல்லித் தலையாட்டியதால், உள்ளதைச் சொன்னேன்: ஈரல் தேறி வருகிறது, ரத்தம் சரியாகும்வரை கல்யாணத்தைத் தள்ளி வையுங்கள், பவுடர் பக்கம் போகாவிட்டால் பயமில்லை.

"எதுக்குங்க அதைப் போய்ச் சாப்ட்டீங்க?" என்று தேன்மொழி கேட்டாள். அவனோ மாமாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலை குனிந்தான். அவளுக்குப் புரிந்துவிட்டது. மாமா பக்கம் திரும்பினாள்: "தேதியை மாத்துங்க மாமா, ஆளை மாத்த வேணாம். கல்யாணத்தன்னிக்கு நீங்க மட்டும் சாப்புடறதுக்குத் தவிர வாயைத் திறக்காதீங்க!"

ஈரலைக் கெடுக்கும் சமாச்சாரங்களில் பெண் வீட்டுத் தாய்மாமனை எந்த மருத்துவப் புத்தகமும் இன்னும் சேர்க்கவில்லை. நான் அன்றைக்கே சேர்த்துவிட்டேன்.