கட்டுக்குள் போன கட்டைவிரலோடு திருப்பதிக்கு

காலை எட்டு பத்துக்குப் புத்தூரில் திருப்பதி பஸ் ஏறினேன். முறிந்த வலது மணிக்கட்டு எலும்புக்கு இரண்டாவது கட்டு போட்டு அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. முதல் கட்டில் கட்டைவிரல் வெளியே இருந்தது. இந்த முறை மூங்கில் பட்டை, முட்டை வெள்ளை எல்லாம் வைத்து விரலையும் சேர்த்துச் சுற்றிவிட்டார்கள். ஒன்றரை மாதம் கையை அசைக்கக் கூடாதாம்.

நான் நகரியில் தள்ளுவண்டியில் துணி தேய்க்கிறவன். என் கரிப்பெட்டி ஏழு கிலோ. அதை என் மனைவி மல்லிகா நாள் முழுக்க இழுக்க முடியாது. லேசான கேஸ் இஸ்திரிப் பெட்டி இருந்தால் என் கை ஆறும்வரை அவள் வண்டியை ஓட்டிவிடுவாள். திருப்பதியில் பழைய சாமான் கடை ஒன்றுக்கு அப்படி ஒன்று வந்திருந்தது. விலை 4,500 ரூபாய். "ஒரு மணி வரைக்கும் வெச்சிருப்பேன். அப்புறம் சித்தூர்ல இருந்து வேற ஆளு வர்றாரு" என்று கடைக்கார அம்மா போனில் சொல்லியிருந்தார். என் பணம் பேங்கில் இருந்தது. போனில் பேங்க் ஆப் இருந்தது. சட்டைப் பையில் முந்நூறு ரூபாய்.

முப்பத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் அறுபது ரூபாய். வடமாலப்பேட்டை தாண்டியதும் வெயில் ஏறியது. கட்டிலிருந்து முட்டை நாற்றமும் ஏறியது.

"யாருப்பா அது, ஆம்லெட் எடுத்துக்கினு வந்துகீறது?" என்றார் முன் சீட்டுக்காரர்.

பஸ்ஸே சிரித்தது. எனக்குத் தெரியாதவர்களிடம் பேச வராது. ஜன்னல் வழியாகத் திருமலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

பத்து மணிக்குக் கடையில் இருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்து. பெட்டியை இடது கையால் தூக்கிப் பார்த்தேன். லேசாக இருந்தது. பேங்க் ஆப்பைத் திறந்தேன். கட்டைவிரலை வை என்றது.

கட்டைவிரல் உள்ளே இருந்தது.

அடுத்து ஆறு நம்பர் கேட்டது. ஆப் போட்ட அன்றைக்கு வைத்தது. அதற்குப் பிறகு விரல்தான். மூன்று தடவை தப்பாகப் போட்டேன், பூட்டிக்கொண்டது.

"வேற விரல் வெக்கலியா அண்ணா?" என்றார் கடைக்கார அம்மா.

"வெக்கலம்மா."

பத்து நிமிடம் நடந்து என் பேங்கின் கிளைக்குப் போனேன். வரிசையில் ஒரு மணி நேரம். ஏடிஎம் கார்டும் பாஸ்புக்கும் வீட்டில். கவுண்டரில் இருந்த இளைஞர், "கையெழுத்து?" என்றார்.

"அதுவும் உள்ளதான் இருக்கு சார்."

அவர் சிரித்துவிட்டார். பிறகு முன்னால் சாய்ந்து, "பணம் அனுப்பும்போது நாலு நம்பர் போடுவீங்களே, அது ஞாபகம் உந்தா?" என்றார். இருக்கிறது என்றேன். "அப்போ ஏ ஆப் ஐனா, எந்த ஆப்பா இருந்தாலும், பரவாலேது. வேற ஒண்ணு போட்டுக்கோங்க. அக்கவுண்ட் இதே தான்."

பேங்க்காரரே அப்படிச் சொல்வார் என்று நான் நினைக்கவில்லை.

கடைக்குத் திரும்பியபோது பன்னிரண்டு ஐந்து. கல்லாவில், பணம் அனுப்பும் ஆப் நடத்தும் ஒரு சின்ன கம்பெனியின் பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. எனக்குப் பயம்தான்.

"நாளைக்கே மூடிக்கினு போய்ட்டா?" என்றேன்.

"போவட்டும். உன் துட்டு பேங்க்ல தானே கீது? இது வழி மட்டும் தான். இந்தூரு பசங்க செஞ்சது, மாடியில தான் ஆபீசு. எதுனா தப்பு வந்தா ஏறிப் போயி சண்டை போடுவேன். பேங்க்ல யாரோட சண்டை போடறது?"

அவரே ஆப்பை இறக்கிக் கொடுத்தார். என் பேங்க் பெயர் தமிழில் வந்து நின்றது. "புதுசா போட்டது இல்லியா, இன்னிக்கி ஐயாயிரம் வரைக்கும் தான் போவும்" என்றார். 4,500 அடங்கும். இடது கைக்கு எண் அழுத்திப் பழக்கமில்லை. "நீங்களே போடுங்கம்மா" என்று நான்கு நம்பரைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"வாயில சொல்லாதண்ணா! மெதுவா நீயே போடு. சித்தூர்காரரு இன்னும் வர்ல."

ஒவ்வொரு எண்ணாக அழுத்தினேன். பன்னிரண்டு ஐம்பதுக்குக் கல்லா மேலிருந்த ஸ்பீக்கர் நாலாயிரத்து ஐந்நூறு என்று தெலுங்கில் கூவியது.

ஒன்றரை மணி பஸ்ஸில் கேஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைச் சுளித்தார். "புத்தூர் கட்டுங்க, முட்டை வெச்சது" என்று நானே சொன்னேன். ரேணிகுண்டா வரை அவருடைய மாமியாரின் முழங்கால் கதையைக் கேட்டேன்.

பேங்க் ஆப்பை நான் விடப்போவதில்லை. வீட்டுக்குப் போனதும் கார்டை வைத்துத் திறந்து, அதிலும் இந்தப் புது ஆப்பிலும் இடது கட்டைவிரலைப் பதிந்துகொள்ள வேண்டும். பணம் கட்டத் திருப்பதியில் எனக்கு இரண்டு வழி தெரிந்தது. நகரியில் எப்போதும் ஒன்றோடு நின்றுவிடுவேன்.

சாயங்காலம் மல்லிகா சிலிண்டரை மாட்டிப் பெட்டியைச் சூடேற்றினாள். முதலில் எந்தத் துணி என்று கேட்டேன். அவள் என் கையைக் கழுத்தோடு தாங்கிக் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, ஒரே இழுப்பில் தேய்த்து, சூடு ஆறுவதற்குள் திரும்பக் கட்டிவிட்டாள்.